கப்பை நோம்பு

மார்ச் 3, 2025, திங்கள்

குமுளி இறக்கத்தில் எதிரே வந்த பஸ்ஸின் விளக்குகள் இரண்டும் நான்காகத் தெரிந்தன. பிரேக்கை மிதித்தேன். ஜீப்பின் பின்னால் இருந்த பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

கூடலூரில் எல்லாரும் இறங்கிப் போக, செபமாலையம்மாள் மட்டும் நின்றாள். ஏலத்தோட்டத்துக்கு நான் ஏற்றிப்போகும் ஆட்களில் அவள் சொல்தான் மற்றவர்களுக்குச் சட்டம்.

"இன்னாசிண்ணே, கண்ணு தெரியலைன்னா சொல்லிருங்க. நாங்க வேற வண்டி பாத்துக்கிடுறோம். எங்களுக்கும் பிள்ளகுட்டி இருக்குல்ல."

கோபம் வந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 4

கட்டப்பனையில் டாக்டரைப் பார்த்தேன். சர்க்கரை எக்கச்சக்கம். பார்வை மங்குவது அதனால்தானாம். குறைந்தால் தெளியும், குறைக்காவிட்டால் கண் உள்ளுக்குள் கெட்டுவிடும் என்றார். அதுவரை இருட்டிலும் பனியிலும் ஓட்டக் கூடாது, ஆள் ஏற்றவே கூடாது. ராத்திரிச் சாப்பாடு என்ன என்று கேட்டார். பரோட்டாவும் பீஃபும் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

வேறென்ன செய்ய? டின்சி ஏலக்காய் ஸ்டோரில் நாள் முழுக்கக் காய் பிரித்துவிட்டு ஆறரைக்கு வருகிறாள். இனிமேல் அடுப்பைப் பற்றவை என்று கட்டினவளிடம் எந்த வாயால் சொல்ல? அதனால் ஸ்டாண்டில் பார்சல் வாங்கிவிடுவேன். எங்கள் அடுப்பு காலையில் மட்டும்தான் எரிகிறது.

என் ஆட்களை, என்னோடு ஸ்டாண்டில் ஓட்டும் சூசையப்பன் ஜீப்புக்கு மாற்றிவிட்டேன். பகலில் மூட்டை ஏற்றிப் பிழைக்கலாம்.

மார்ச் 5, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பல் பூசும்போதே நேர்ந்துகொண்டேன். ஈஸ்டர் வரை இறைச்சி, மீன், முட்டை தொடுவதில்லை. ஆண்டவருக்கும் ஆச்சு, டாக்டருக்கும் ஆச்சு.

மார்ச் 19

நோம்பு அருமையாகப் போகிறது. மாலையில் வீட்டில் சும்மாதானே இருக்கிறேன், நானே மரவள்ளிக் கப்பையை அவித்துக் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி அரைக்கிறேன். பக்கத்து வீட்டார் சக்கைப்பழம் கொடுத்தார்கள், இரண்டு தட்டு பலாச்சுளை தின்றேன். இறைச்சி போகாத வயிறு எவ்வளவு லேசு! சர்க்கரை தானாக ஓடிவிடும்.

ஏப்ரல் 4

கூடியிருக்கிறது. சர்க்கரை குறையவில்லை — கூடியிருக்கிறது!

"டாக்டர், இறைச்சி தொட்டே ஒரு மாசமாச்சு."

"பின்னே ராத்திரி என்ன தின்னீங்க?"

சொன்னேன். அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கப்பையும் சக்கையும் நோம்புக்கு நல்லதுதான் சேட்டா. சர்க்கரைக்கு அதைவிட மீனே தின்னிருக்கலாம்."

வீட்டில் சொன்னால் டின்சியும் சிரிப்பாள் என்று நினைத்தேன். அழுதுவிட்டாள். "நானும் கூட உக்காந்துதான தின்னேன், எனக்கும் தோணலையே. கண்ணு போச்சுன்னா என்ன செய்வீங்க?"

எனக்கும் பயமாத்தான் இருக்கு. இங்கே எழுதாம வேற யார்ட்ட சொல்ல?

ஏப்ரல் 6

நோம்பை விடவில்லை, கப்பையை விட்டேன். சந்தையில் வட்டவடையில் விளைந்த முட்டைக்கோஸ் வாங்கித் தேங்காய் போட்டுத் தோரன் வைத்தேன். அவித்த சிறுபயறு, ஒரு கரண்டி சோறு. உப்பு கரித்தது. டின்சி தன் சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

ஏப்ரல் 11

இன்றும் பயறு. பசி. எவன் கண்டுபிடித்தான் இந்தப் பயறை?

ஏப்ரல் 20, ஈஸ்டர்

சூசையப்பன் வீட்டில் விருந்து. கறி தின்றேன். அப்பத்தை இரண்டோடு நிறுத்தினேன். "என்னடா, ஒனக்கு மட்டும் இன்னும் நோம்பு முடியலையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான். எனக்கு இது ஈஸ்டரோடு முடிகிற காரியம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இரவுக்கு ரசமும் அவித்த முட்டையும் போதும் என்றிருந்துவிட்டேன்.

மே 9

உப்பு இப்போது என் கைக்கு அடங்குகிறது. இன்று மத்திக் குழம்பும் கீரையும். பார்சல் காலத்தில் ஆளுக்கொரு ஃபோனைப் பார்த்துக்கொண்டே தின்போம். இப்போது டின்சி தட்டை வைத்துக்கொண்டு ஸ்டோர்க் கதையெல்லாம் சொல்கிறாள். சூப்பர்வைசரைப் போலவே நடித்துக் காட்டினாள். சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

ஜூன் 6

டாக்டர் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். கடைசி வரிவரை படித்தேன்! சர்க்கரையும் இறங்கியிருக்கிறது, இனி ஆள் ஏற்றலாம் என்றார். சூசையப்பனும் முகம் கோணாமல் ஆட்களை விட்டுக்கொடுத்தான். செபமாலையம்மாள்தான் மசியவில்லை.

"டாக்டர் சொல்லுவாருண்ணே. வண்டியில போறது நாங்கல்ல? நான் முன்னாடி உக்காந்து பாத்துக்கிட்டு வாரேன். பெறகு சொல்றேன்."

அவள் கேட்பதும் நியாயம்தான்.

ஜூன் 9

முன்சீட்டில் கம்பியை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, லாரி."

"தெரியுதும்மா."

"அண்ணே, மாடு."

"தெரியுது."

கூடலூரில் இறங்கும்போது, நாளைக்கும் முன்னாடிதான் என்றாள்.

ஜூன் 17

நல்ல மழை. இறக்கம் முழுக்க மூடுபனி. எதிரே வந்த விளக்குகளெல்லாம் ஒழுங்காக இரண்டிரண்டாகவே வந்தன. பாதி தூரத்துக்குப் பிறகு செபமாலையம்மாளிடமிருந்து பேச்சைக் காணோம். கோபமோ என்று திரும்பிப் பார்த்தேன். சீட்டில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

கூடலூர் வந்தும் உடனே எழுப்ப மனசு வரவில்லை.