ஏச்சுப் பெட்டி

ஜனவரி 21, செவ்வாய்

'எழுத்துப் பரீட்சை இல்லை' என்ற ஒரு வரியை நம்பித்தான் 'புத்தாக்கமும் தொழில்முனைவும்' பாடத்தை எடுத்தேன். இன்றுதான் அடுத்த வரியைப் படித்தேன். பரீட்சைக்குப் பதிலாக நடுவர்கள் முன்னால் பேச வேண்டுமாம். நானா? போன வருடம் ஒரு பிரசன்டேஷனில் "வணக்கம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தவள் நான்.

யாரும் சேர்த்துக்கொள்ளாத மூன்று பேர் ஒரு குழுவானோம். மடவளை அம்ஜத், ஓயாமல் பேசுவான். யாழ்ப்பாணத்து அஜந்தன், எதைக் கண்டாலும் கழற்றிப் பார்ப்பான். மூன்றாவது நான், மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்து சுகிர்தா, ஒன்றும் செய்யமாட்டேன்.

சர்மிளா மேடம் சொன்னது: "உங்களுக்கு உண்மையிலேயே கோபம் வர்ற ஒரு பிரச்சினையோட வாங்க."

எனக்கு எதிலும் கோபம் வருவதில்லையே.

ஜனவரி 24

வந்துவிட்டது. விடுதி ஜன்னல் வழியாக ஒரு குரங்கு நுழைந்து காலைக்கு வைத்திருந்த என் பாண் துண்டை எடுத்தது. அதோடு போயிருந்தால் மன்னித்திருப்பேன். ஜாம் போத்தலையும் எடுத்து மூடியைத் திருகித் திறந்தது. இரண்டு நாளாக எனக்கே திறக்காத மூடி.

பெப்ரவரி 2, ஞாயிறு

குரங்கு விரட்ட அஜந்தன் ஒரு பெட்டி செய்திருக்கிறான். எதிரே ஏதாவது அசைந்தால் உள்ளிருந்து சிறுத்தை உறுமும். மடவளையில் அம்ஜத் வீட்டுப் பப்பாசி மரத்தடியில் வைத்துப் பார்த்தோம். சிறுத்தை உறுமியது. குரங்குகள் பார்த்தன. பெரியது ஒன்று இறங்கி வந்து பெட்டி மேலேயே உட்கார்ந்துகொண்டது.

அப்போதுதான் அம்ஜத்தின் உம்மா, பாயிஸா ஆன்ட்டி, கையில் அகப்பையோடு குசினியிலிருந்து வந்தார். "அடேய்! ஒங்கட வாப்பா நட்ட மரமாடா இது? வெக்கமில்லையா? எறங்குடா கீழ!"

பத்து விநாடியில் மரம் காலி. அம்ஜத்தும் ஓடியிருந்தான். பழக்கம்.

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம் - அவன் திரும்பி வந்த பிறகு.

பெப்ரவரி 6

ஆன்ட்டியின் ஏச்சைப் பதிவு செய்யப் போனோம். குரல் மட்டும்தான் என்று சொல்லியும் கேட்கவில்லை, முகம் கழுவி நல்ல சால்வை போட்டுக்கொண்டு வந்தார். ஆனால் வாய் திறக்கவில்லை. "ஆளில்லாம எப்படி மகள் ஏசுற? எனக்கு ஏலா."

ஆகவே அம்ஜத்தை எதிரில் நிறுத்தினோம். பப்பாசியில் ஆரம்பித்த ஏச்சு இரண்டாவது நிமிடத்திலேயே அவனுடைய கணிதப் பெறுபேற்றுக்கு வந்துவிட்டது. அருமையான பதிவு. அம்ஜத் மட்டும் இராச்சாப்பாடு வேண்டாம் என்றானாம்.

பெப்ரவரி 12

முதல் வாடிக்கையாளர் பாலம்மா அக்கா. ஹந்தானை மலை ஏறும் வழியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறார். நாளுக்கு ஏழெட்டு வடை குரங்குக்குப் போகுமாம். பெட்டியைக் கூரையில் கட்டினோம்.

பெப்ரவரி 16

நான்கு நாளாக ஒரு குரங்கும் இல்லை!! அம்ஜத் தன்னைப் 'பணிப்பாளர்' என்று கூப்பிடச் சொல்கிறான்.

பெப்ரவரி 17

குரங்குகள் வந்துவிட்டன. ஓடவில்லை, வரிசையாக உட்கார்ந்து ஏச்சைக் கேட்கின்றன. "ரேடியோ கேக்குற மாதிரி கேக்குதுங்க புள்ள. முடிஞ்சதும் வடைய எடுத்துக்கிட்டு போகுதுங்க" என்றார் பாலம்மா அக்கா.

அஜந்தன் தலையில் கை வைத்தான். "உது சரிவராது. பழகிட்டுதுகள்."

அம்ஜத் கதிரையில் சரிந்தான். நான் சும்மாதான் சொன்னேன்: "நாலு நாளைக்கு ஒரு தடவ புது ஏச்சு போட்டா?"

அம்ஜத் கதிரையிலிருந்து எழுந்தேவிட்டான். "சந்தா! பத்திரிகைக்குக் கட்டுற மாதிரி, ஏச்சுக்குச் சந்தா!"

மேடம் கேட்டுவிட்டுக் கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இந்த வகுப்பிலேயே வாடிக்கையாளர் திரும்பி வருகிற ஒரே வியாபாரம் இதுதான் என்றார்.

மார்ச் 1, சனி

பிறை கண்டாயிற்று. நாளை நோன்பு. பாயிஸா ஆன்ட்டி வேலைநிறுத்தம்.

"நோன்பு புடிச்சிக்கிட்டு ஏசினா நோன்புட நன்மையெல்லாம் போயிடும் மகள். பெருநாள் முடியட்டும்."

பிரசன்டேஷன் ஆறாம் திகதி. கையிருப்பில் ஒரு புது ஏச்சுகூட இல்லை.

மார்ச் 3

ஆன்ட்டி மனம் மாறவில்லை. மரத்துக் குரங்கிடம் "போங்க மகன்" என்கிறாராம்.

அஜந்தன் ஏசிப் பார்த்தான். "இஞ்ச இருந்து ஒருக்கா எழும்பிப் போங்கோவன்." ஒரு குட்டி இன்னும் கிட்ட வந்தது.

மார்ச் 4

மிஞ்சியது நான்.

பாலம்மா அக்கா கடைக்குப் பின்னால், மரத்தைப் பார்த்து நிறுத்தினார்கள். "சூ" என்றேன். இன்னொரு "சூ". மேலிருந்த ஒன்று கொட்டாவி விட்டது.

அந்தக் கொட்டாவி! என் உதவிப் பண விண்ணப்பத்தை மூன்று தரம் திருப்பிக் கொடுத்தாரே ஒரு கிளாக்கர், அவரும் இப்படித்தான் கொட்டாவி விட்டார். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. ஏய், என்னா நெனச்சிக்கிட்டு இருக்க? ஒருத்தி காலையிலயிருந்து நிக்கிறா, ஒனக்கு தூக்கமா? என்று தொடங்கினேன். அடுத்தது, "தோட்டமா? பார்த்தா அப்படித் தெரியலையே" என்று பாராட்டுப் போலச் சொன்ன பக்கத்து அறைக்காரி. பாத்தா எப்படிடி தெரியணும்? தலையில கொழுந்துக் கூடையோட வரணுமா? தோட்டத்துப் புள்ளன்னா வாய் தொறக்காதுன்னு யாரு சொன்னா ஒனக்கு? இன்னும் என்னென்னவோ. எழுதக் கூச்சமாக இருக்கிறது.

நிறுத்தினேன். மரத்தில் குரங்கு இல்லை. கடை வாசலில் படுத்திருந்த நாயும் இல்லை. தேத்தண்ணி குடிக்க வந்த இருவர் எழுந்து நின்றிருந்தார்கள்.

அஜந்தன் மெதுவாகச் சொன்னான்: "ஏழு நிமிஷம். எல்லாம் பதிவாகிட்டுது."

மார்ச் 6, வியாழன்

மூன்று நடுவர்கள். நடுவில் ஒரு வங்கி முகாமையாளர், தமிழ் தெரியாதவர். அம்ஜத் ஆங்கிலத்தில் அழகாகத் தொடங்கி வைத்தான். அஜந்தன் பெட்டியை அழுத்தினான். சத்தமில்லை. தட்டினான், குலுக்கினான், கெஞ்சினான். அது பேசவில்லை.

முகாமையாளர் சலித்துப்போய்த் தட்டிலிருந்த பிஸ்கட் ஒன்றை எடுத்தார்.

"ஏய்! வையி கீழ!" என்றேன்.

வைத்துவிட்டார்.

மண்டபமே அதிர்ந்தது. சிங்களப் பிள்ளைகளும் மேசையைத் தட்டினார்கள். முகாமையாளர்தான் அதிகம் சிரித்தார். பிறகு நானே எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் விளக்கினேன். குரங்கு ஏன் பழகுகிறது, ஏன் புது ஏச்சு வேண்டும், அடுத்து யாரிடம் விற்போம் என்றெல்லாம். நேரம் முடிந்ததாக மணி அடித்தார்களாம். எனக்குக் கேட்கவில்லை.

மார்ச் 19

பாடத்தின் பெறுபேறு வந்தது. ஏ!

ஏப்ரல் 1

பெருநாளைக்கு மறுநாள். அம்ஜத் வீட்டில் வட்டிலாப்பம். ஆன்ட்டி என் பதிவைக் கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். "நல்லாத்தான் ஏசியிருக்கீங்க மகள். மூச்செடுக்கிற எடம்தான் சரியில்ல."

இனி ஒரு கிழமை அவர், ஒரு கிழமை நான்.

ஏப்ரல் 5, சனி

அம்மா எனக்குப் போன் எடுத்தாள். கொழுந்து, மழை, தம்பியின் இருமல் எல்லாம் சொல்லிவிட்டு: "இங்க கீழ் லயத்துல குரங்கு வெரட்ட ஒரு பொட்டி வாங்கியிருக்காங்க, சுகி. பாலம்மான்னு யாரோ கடைக்காரம்மா சொல்லி வாங்குனதாம். அதுக்குள்ள ஒரு பொம்பள ஏசுறா பாரு. என்னா வாய்! நம்ம பக்கத்து ஆளு மாதிரிதான் இருக்கு. அவளப் பெத்தவ என்னா பாடு படுறாளோ."

கொஞ்சம் யோசித்தேன். பிறகு, "அம்மா, அது நான்தான்" என்றேன்.

மறுமுனையில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. கோபமா? ஏசப் போகிறாளா?

பிறகு, போனைக் கையால் பொத்திக்கொண்டு அம்மா வாசலுக்கு ஓடுவது கேட்டது. பொத்தியும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. லயத்தின் அத்தனை வீடுகளுக்கும் கேட்டிருக்கும்.

"ஏய்! எல்லாரும் கேட்டுக்கங்க! அது எங்க சுகி!"