நடு ஸ்பீக்கரில் குரல் வரவில்லை

பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் கை போனது, ஆனால் இவ்வளவு நாள் கழித்து எழுதுகிற கடிதத்தை அப்படி ஆரம்பிக்க மனசு வரவில்லை. அம்மா சுகம். நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன். மீதியைக் கீழே எழுதுகிறேன். கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நீ கேட்பாய். அதற்கும் பதில் இதிலேயே வரும். பொறுமையாகப் படி, பாதியில் அம்மாவுக்குப் போன் போட்டுவிடாதே.

விஷயம் நீ போன விடுமுறையில் வந்தபோது வாங்கி வைத்துவிட்டுப் போன அந்த ஹோம் தியேட்டரில் தொடங்குகிறது. நீ இருந்த பத்து நாளும் முன்னறை முழுக்க ஒயராகக் கிடந்ததும், ஒவ்வொரு ஒயரிலும் இடது, வலது, நடு என்று நீ துண்டுக் காகிதம் ஒட்டியதும் நினைவிருக்கும். நீ கிளம்பின பிறகு நான் நிதானமாக உட்கார்ந்து படம் பார்க்க ஆரம்பித்தேன். சண்டை வந்தால் ஜன்னல் கண்ணாடி அதிருகிறது, இடி இடித்தால் நாற்காலி நடுங்குகிறது, ஆனால் யாராவது வாய் திறந்து பேசினால் மட்டும் வாயில் துணியை அடைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. ஒலியைக் கூட்டினேன். அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்து குறைத்தாள். மறுபடி கூட்டினேன். ரிமோட்டை இருவரும் மாறி மாறிப் பிடுங்கியதில் அதன் மூடியே உடைந்துபோனது. அப்புறம்தான் உனக்குச் சொன்னேன், ரிசீவரில் கோளாறு, ஒலியைப் பிரித்து அனுப்புகிற அந்தப் பெட்டி நடு ஸ்பீக்கருக்குக் குரலை அனுப்பவே மாட்டேன் என்கிறது என்று. நீயும் அங்கிருந்தபடியே கடைக்காரனோடு மல்லுக்கட்டி வேறு பெட்டியை வரவழைத்தாய். அதிலும் அதே கதை. நான் மறுபடி குறை சொன்னேன். அன்றைக்கு நீ அம்மாவிடம், "அப்பாவுக்கு நான் எதை வாங்கிக் குடுத்தாலும் அதுல ஒரு நொட்டை சொல்லணும், விடும்மா" என்று சொன்னாயாம். அம்மா மறைக்கப் பார்த்தாள், நான் துருவித் துருவிக் கேட்டு வாங்கினேன். உன் மேல் தப்பில்லை. அந்த நிலையில் யாராயிருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

அதோடு விட்டேனா, அதுவும் இல்லை. மூலை மருந்துக்கடைக்காரர் வீட்டில் அச்சு அசலாக அதே மாடல் இருக்கிறது என்று தெரிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போய் உட்கார்ந்தேன். அங்கேயும் எனக்குப் பேச்சு விளங்கவில்லை. உங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறதா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "என்ன இப்படிக் கேட்டுட்டீங்க, செய்தி வாசிக்கிற பொண்ணு மூச்சு இழுக்கறதுகூடக் கேக்குது" என்றார். நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம், ஆசையாக வாங்கிவிட்டு ஏமாந்ததை ஒப்புக்கொள்ள முடியாமல் அந்த ஆள் பெருமை அடித்துக்கொள்கிறார் என்று சொன்னேன். கைப்பேசியில் தேடி, இதை வாங்கியவர்கள் எழுதி வைத்திருப்பதையெல்லாம் படித்தேன். நூறு பேர் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள், நாலு பேர் மட்டும் வசனம் சரியாகக் கேட்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். அந்த நாலு பேரும் எனக்குக் கூடப் பிறந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். இப்போது நினைத்தால் அவர்களும் என் வயசுக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும்.

இதற்கு நடுவில் தொழிற்சாலையில் ஒன்று நடந்தது. உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அம்மாவின் வாயை அடைத்தவன் நான்தான். மெஷின்களைப் பழுது பார்க்கிற நம் பிட்டரை உனக்குத் தெரியும், உன் கல்யாணத்தில் வந்து நாற்காலி எல்லாம் வரிசையாகப் போட்டாரே, அவர்தான். தகரம் வெட்டுகிற நாலாம் நம்பர் பிரஸ்ஸில் டப்பா மூடி சரியாக வெட்டுப்படவில்லை என்று அவர் அச்சுக்குள் கையை விட்டு ஸ்பிரிங் மாற்றிக்கொண்டிருந்தார். அப்படிக் கை விடும்போது சுவிட்ச் மேல் சிவப்புப் பலகை மாட்ட வேண்டும், அவர் மாட்டவில்லை. நான் ஆறடி தள்ளி வந்து நின்றேன். வேலை முடிந்தது என்று நினைத்து மெஷினைப் போட்டேன். அவர் இடது கையில் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. அந்த வேளையை விவரமாக எழுத என்னால் முடியாது.

விசாரணை வைத்தார்கள். பிட்டர் கட்டுப்போட்ட கையோடு வந்து உட்கார்ந்து, "ரெண்டு தடவை கத்தினேன், இருங்க போடாதீங்கன்னு கத்தினேன், என்னைப் பாத்துட்டேதான் போட்டாரு" என்றார். பக்கத்து மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்ததால் வேறு யார் காதிலும் விழவில்லை. என்னைக் கேட்டார்கள். நான், அவர் கத்தவே இல்லை, ஆறடி தூரத்தில் நிற்கிறவனுக்குக் கேட்காதா என்றேன். பாப்பா, அப்போது நான் அதைப் பொய் என்று தெரிந்து சொல்லவில்லை. என் வரைக்கும் அதுதான் நடந்தது. முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்த போர்மேன் சொல்வதா, பலகை மாட்டாத பிட்டர் சொல்வதா என்று பார்த்தார்கள். அஜாக்கிரதை, அதற்கு மேல் விசாரணையில் பொய் சொன்னார் என்று எழுதி அவரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். அவர் வெளியே போகும்போது என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. தன் தப்பை என் தலையில் கட்டப் பார்த்தாரே என்று இரண்டு நாள் பொருமினேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் நான் வரச்சொல்லியிருந்த ஆடியோ மெக்கானிக் நம் வீட்டுக்கு வந்தார். அவரை எல்லோரும் ஈயம் என்று கூப்பிடுவார்கள், எந்நேரமும் ஈயத்தை உருக்கி ஒயர்களைப் பற்றவைத்துக்கொண்டே இருப்பதால் வந்த பெயர், அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறார். கெட்டிக்காரர். ரிசீவரோடு வந்த குட்டி மைக்கை நான் உட்காரும் இடத்தில் என் காது உயரத்துக்கு வைத்து, யாரும் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டு அதன் பரிசோதனையை ஓடவிட்டார். ஒவ்வொரு ஸ்பீக்கராக ஒலி கொடுத்து அதுவே அளந்துகொள்கிறது. எல்லாம் சரி என்று வந்தது. நான் விடவில்லை. பெட்டி தனக்குத் தானே மார்க் போட்டுக்கொண்டால் ஆயிற்றா என்றேன். அவர் சலித்துக்கொள்ளாமல் நடு ஸ்பீக்கரில் மட்டும் ஓர் ஒலியை வைத்தார். அடித்தொண்டை மாதிரி ஆரம்பித்து மேலே மேலே விசில் வரைக்கும் போகுமாம். உம்மென்று வந்தது, ஏறியது, ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றுவிட்டது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கையைத் தட்டி, "பாத்தீங்களா, இங்கதான், இங்கதான் நின்னு போகுது, நான் சொன்னப்ப யாராவது நம்பினீங்களா" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தால் உன் அம்மா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளித்து நிற்கிறாள். மெக்கானிக் கையிலிருந்த மீட்டரில் முள் ஆடிக்கொண்டே இருக்கிறது. அவர் அம்மாவைப் பார்த்தார், அம்மா அவரைப் பார்த்தாள். அப்புறம் அவர் மெதுவாக ரிமோட்டை அமுக்கினார். அம்மா கையை எடுத்தாள். ஒலி எப்போது நின்றது என்பதை நான் அவள் கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மெக்கானிக் சாமானையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு, "ரிசீவர்ல ஒண்ணும் இல்லைங்க, ஒரு தடவை காது டாக்டரைப் பாத்துடுங்க" என்றார். நான் அவரை விரட்டாத குறையாக அனுப்பினேன். கதவைச் சாத்தியதும் அம்மா உட்கார்ந்து அழுதாள். "ரெண்டு வருஷமா எதையும் ரெண்டு தடவை சொல்றேன், கத்திக் கத்தித் தொண்டை போச்சு, அக்கம்பக்கத்துல நாம தெனம் சண்டை போடறோம்னு நெனைக்கறாங்க" என்றாள். நான் அவள்தான் வரவர முணுமுணுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே பிட்டர் ஞாபகம் வந்துவிட்டது. அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தேன். அவர் கத்தியிருக்கிறார், பாப்பா. இரண்டு தடவை.

டாக்டரிடம் போனோம். கண்ணாடிக் கூண்டில் உட்காரவைத்து, ஒலி கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நான் சும்மாவே உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம். காகிதத்தில் கோடு நேராக வந்து, பிறகு பாதாளத்தில் இறங்கியது. வருஷக்கணக்காகத் தகரம் வெட்டுகிற சத்தத்தில் நின்றதால் வந்தது, மேல் சுருதி எல்லாம் போய்விட்டது, பேச்சில் பாதி எழுத்தின் ஒலி அந்த மேல் சுருதியில்தான் இருக்கிறது என்றார் டாக்டர். போனது திரும்பாது, காதில் கருவி வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம், போனில் பேசுவது சிரமம்தான் என்றார். வேலையில் காதுக்கு வைத்துக்கொள்ளப் பஞ்சடைப்பு கொடுத்தபோது, இதெல்லாம் பயந்தாங்கொள்ளிகளுக்கு என்று சிரித்தவன் நான். எனக்குக் கீழே இருந்தவர்களையும் வைத்துக்கொள்ள விடாமல் கேலி செய்திருக்கிறேன். அவர்களில் எத்தனை பேருக்கு இப்படி ஆகியிருக்கிறதோ.

நீ போன் செய்யும்போதெல்லாம் நான் அம்மா கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனதற்கு இதுதான் காரணம். நீ அந்த நொட்டைப் பேச்சை நினைத்து, அப்பா கோபமாக இருக்கிறார் என்று மாப்பிள்ளையிடம் வருத்தப்பட்டாயாம். கோபமே இல்லை கண்ணு. நீ பேசுவது எனக்கு ஆள் இல்லாத அறையில் யாரோ நடமாடுகிற மாதிரிதான் கேட்டது. குழந்தை தாத்தா என்று கூப்பிடப் பழகிவிட்டது என்று அம்மா சொன்னாள். போனைக் காதில் அழுத்தி வைத்துக்கொண்டு நானும் கேட்ட மாதிரி சிரித்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

இனி எழுதப்போவதைத்தான் எழுத மனசு வராமல் நாலு நாளாக இந்தத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். விஷயம் தெரிந்த உடனே ஓடிப்போய் மேனேஜரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அம்மா, "இன்னும் ஒரு வருஷம்தானே இருக்கு, இப்ப சொன்னா அவரை அனுப்பின மாதிரி உங்களையும் அனுப்புவாங்க, வாயத் தொறக்காதீங்க" என்றாள். அவளைக் குறை சொல்லாதே, பயத்தில் சொன்னாள். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். பதினோரு நாள் ஒன்றும் தெரியாதவன் மாதிரி அந்த நாலாம் நம்பர் மெஷின் பக்கத்தில் போய் நின்றேன். பன்னிரண்டாம் நாள் புதிதாக வந்த பிட்டர் அதே இடத்தில் குனிந்தார். பலகை மாட்டியிருந்தார், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் வாய் அசைவது தெரிந்தது, என்ன சொல்கிறார் என்று தெரியவில்லை. அப்படியே மேனேஜர் அறைக்குப் போய் டாக்டர் கொடுத்த காகிதத்தை மேஜையில் வைத்தேன். அவர் படித்துவிட்டு, "இதை இப்ப வந்து சொல்றீங்களே, விசாரணைய முடிச்சு மேல அனுப்பிட்டேனே" என்று எரிந்து விழுந்தார். அவர் பேசியது எனக்கு விளங்காமல் போகக்கூடாது என்று எழுதியே காட்டினார்.

இப்போது நான் போர்மேன் இல்லை. கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு முத்திரை குத்துகிறேன். அங்கே சத்தம் இல்லை, பேசுவதற்கும் ஆள் இல்லை. பிட்டர் பொய் சொன்னார் என்று எழுதியதை அடித்துவிட்டு அவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் வரவில்லை. அந்தக் கையால் ஸ்பேனர் பிடிக்க முடியாது, வாசலில் உட்காரவைத்துச் சம்பளம் கொடுப்பது எனக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

போன சனிக்கிழமை சாயங்காலம் நான் மட்டும் அவர் வீட்டுக்குப் போனேன். மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டினேன். அவரே வந்து திறந்தார். எங்கோ கிளம்பிக்கொண்டிருந்தார் போல. ஒரு கையாலேயே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார், பாதி போட்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றபடியே, நீங்க கத்தினது நெஜம், என் காதுதான் செத்துப்போச்சு, உங்களைப் பொய்யன்னு சொன்னேன், மன்னிச்சுடுங்க என்றேன். அவர் பொத்தான் போடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னார். நாலைந்து வார்த்தை இருக்கும். எனக்குக் கேட்கவில்லை. முகம் குனிந்திருந்ததால் உதட்டையும் பார்க்க முடியவில்லை. திட்டினாரா, பரவாயில்லை என்றாரா, போங்க என்றாரா, ஒன்றும் தெரியாது. என்ன சொன்னீங்க, கேக்கலையே என்று அந்த மனுஷனிடம் போய் எப்படிக் கேட்பேன்? தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் படி இறங்கி வந்துவிட்டேன். அன்றிலிருந்து அந்த நாலைந்து வார்த்தையைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கருவி செய்யக் கொடுத்திருக்கிறது, வர மூன்று வாரம் ஆகுமாம். அதுவரை நீ எழுது. மாப்பிள்ளைக்கு மெஷின் சத்தத்தில் வேலை என்றால் காதடைப்பை மறக்காமல் வைத்துக்கொள்ளச் சொல், அப்பா கெஞ்சிக் கேட்டார் என்று சொல். அம்மாவை ஒன்றும் கேட்காதே, அவள் இதை எழுதுவதற்குச் சம்மதித்ததே பெரிது. நீங்கள் மூவரும் ஒருவர் சொல்வது ஒருவர் காதில் விழ, நீண்ட நாள் நிறைவாக இருக்க வேண்டும். குழந்தைக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
உன் மேல் கோபமே இல்லாத
அப்பா