குஞ்சுப் பெட்டிக்குள் ஒரு சாடி

கண்டி
30 யூலை 1983, சனிக்கிழமை

அன்பு மகள் பாமாவுக்கு,

இனியும் அங்கே எதற்காக இருக்கிறீர்கள், உங்கள் மலேரியா ஆராய்ச்சியை வேறு ஒருவரும் பார்க்கமாட்டார்களா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். அதை இன்றைக்கு விட்டுவிடு, பிள்ளை. சுகச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவும் நானும் உயிரோடு இருக்கிறோம், காயம் ஒன்றும் இல்லை. நீயும் மெல்பேர்ன் குளிரில் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இதை வாசித்துவிட்டு ஒரு கதிரையில் இருந்துகொண்டு மீதியை வாசி.

நாங்கள் இப்போது எங்கள் வீட்டில் இல்லை. பின்வேலிக்கு அப்பால் ஹபீல் வீட்டுப் பின்னறையில் இருக்கிறோம், பிலிமத்தலாவையில் இரும்புக்கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். செவ்வாய்க்கிழமை கடைவீதிப் பக்கம் தமிழர் கடைகள் எரிந்து புகை எழும்பியதும் அவரே வேலியைப் பிரித்துக்கொண்டு வந்து, டொக்டரம்மா ஒண்டும் எடுக்க வேணாம், வாங்க என்றார். ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் நான் மருத்துவ மாணவி, எழுபத்தேழுக் கலவரத்தில் நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய், இரண்டு முறையும் பயந்திருக்கிறேன், ஆனால் இந்த முறைபோல் பின்வேலியால் ஓடியதில்லை. பாஸ்போட்டுகளை அப்பா எடுத்திருப்பார் என்று நான் நினைத்தேன், என் கைப்பையில் இருக்கும் என்று அவர் நினைத்தார். என் கைப்பையோ வீட்டில். நான் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தது ஆய்வுகூடத்துக் கண்ணாடிச் சாடியை. அப்பா ஹபீலிடம், சனம் நகையை எடுத்துக்கொண்டு ஓடும், இவ மலேரியாவை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறா என்றார். ஹபீல் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

அந்தச் சாடியைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டும். ஹசலக்கைக் கிராமத்தில் சோமாவதி என்று ஒரு பெண்ணுக்குக் குளோரோகுயின் என்ற மலேரியா மாத்திரைகளை என் கண்முன்னாலேயே விழுங்கக் கொடுத்தேன். காய்ச்சல் நின்றது, பிறகு திரும்பி வந்தது, இரத்தத்திலும் கிருமி இருந்தது. வேறு மருந்து கொடுத்து அவளைச் சுகப்படுத்திவிட்டோம். ஆனால் அந்த மாத்திரைக்குச் சாகாத கிருமி என்றால், நாங்கள் இத்தனை வருடமாகக் கிராமம் கிராமமாகக் கொடுத்துவரும் மருந்தின் கதி என்ன. ஒருத்தியை வைத்து நான் எதையும் நம்பமாட்டேன், மருந்தோடு வைத்துச் சோதித்துப் பார்த்தால்தான் நம்புவேன். அதற்காக அவளிடமிருந்து எடுத்த கிருமியைத் தட்டில் இரத்தத்தோடு வைத்து உயிரோடு வளர்த்துக்கொண்டிருந்தேன். தட்டைச் சாடிக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி மூடிவிட்டால், திரி தானாக அணைந்தபின் மிஞ்சும் காற்று அதற்குப் பிடிக்கும். உடம்புச் சூடும் வேண்டும், நாள்தோறும் சத்துநீரும் மாற்றவேண்டும். திங்கட்கிழமை எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். விட்டுவந்தால் செத்துவிடும் என்று சாடியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். சோதனை இன்னும் தொடங்கவே இல்லை.

இங்கே ஹபீலின் மனைவி ரபீகா பல்ப் எரியும் பெட்டியில் கோழிக்குஞ்சு வளர்க்கிறாள். வெப்பமானியை வைத்துப் பார்த்தேன், சூடு கிட்டத்தட்டச் சரி. ஊசியாலோ நுளம்புக் கடியாலோ அல்லாமல் இது தொற்றாது என்று அவளுக்கு விளக்கிச் சொல்லித்தான் வைத்தேன். உடுங்க உடுங்க, கோழிக்குஞ்சோட காய்ச்சலையும் சேத்து வளக்கிறோம் என்று சிரித்தாள். சாடியோடு துணிப்பையில் கொண்டுவந்த சத்துநீர்ப் போத்தல் அவளுடைய குளிர்சாதனப் பெட்டியில் தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இன்று மத்தியானம் ரபீகாவின் தம்பி நஸீம் வந்தான். தமிழரை ஒளித்து வைத்திருக்கும் சோனக முஸ்லிம் வீடுகளையும் கலவரக்காரர் சோதிக்கிறார்களாம். வதந்தியா உண்மையா என்று அவனுக்கே தெரியாது. குஞ்சுக்குத் தண்ணீர் வைக்கப்போனவன் சாடியைக் கண்டு நின்றுவிட்டான். உள்ளே கருகிய திரி, மூடியில் கரி, சிவப்பாய் ஏதோ. டொக்டரம்மா, இத அவனுகள் கண்டா குண்டு எண்டுதான் சொல்லுவானுகள், பொறகு எங்கட ராத்தாட பிள்ளைகளையும் உடமாட்டானுகள் என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். ரபீகா அவனை ஏசினாள், நீ குண்டக் கண்டிருக்கியா, பேசாம இரு என்று. ஆனால் அவளும் பிறகு பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவில்லை. அப்போதிருந்து வெளியே ஒழுங்கையில் யாராவது இருமினாலும் பெட்டியைத்தான் பார்க்கிறேன். என் உயிரைப் பற்றிய பயத்துக்கு ஒரு அளவு உண்டு, இந்தப் பயத்துக்கு அளவு தெரியவில்லை. ஹபீல் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார். அழித்துவிடுங்கள் என்று அவர் சொல்லியிருந்தால் உடனே அழித்திருப்பேன். நாளைக் காலைவரை பொறுப்பது, ஊரடங்கு தளர்ந்தால் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோவது, தளராவிட்டால் டெட்டோலை ஊற்றி அழிப்பது என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். காலைவரை பொறுப்பதும் இந்தப் பிள்ளைகளின் தலையில் நான் வைக்கும் பாரம்தான், அதையும் அறிந்தே எழுதுகிறேன்.

நீ அங்கே பத்திரிகைக்காரரிடம் பேசினால் ஹபீலின் பெயரையோ ஊரையோ சொல்லாதே. செய்தி கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருக்காதே. கோபத்தில் அங்குள்ள சிங்களச் சிநேகிதியோடு கதைக்காமல் விட்டுவிடாதே, அவள் உனக்கு ஒன்றும் செய்யவில்லை. ஆசி சொல்வதில் எனக்கு உள்ள சந்தேகம் உனக்குத் தெரியும். அப்பா காலையும் மாலையும் உன் பெயரைச் சொல்லி மெதுவான குரலில் தேவாரம் படிக்கிறார், சோனக வீட்டில் சத்தம் கேட்கக்கூடாது என்று. எங்கள் இருவரின் ஆசியும் அதில் இருப்பதாக வைத்துக்கொள். பல்லை வைத்தியரிடம் காட்டு, தள்ளிப்போடாதே.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா
பாலாம்பிகை

ஞாயிறு மாலை. தபாலில் போட முடியாததால் இதையும் எழுதுகிறேன். காலையில் ஒழுங்கை முகப்பில் லொறி ஒன்று வந்து நின்றது, ஆண்களின் குரல்கள் பல கேட்டன. நான் பெட்டியைத் திறந்து டெட்டோல் போத்தலைச் சாடிக்குள் கவிழ்த்தேன். அது கூட்டுறவுக் கடைக்குக் கோதுமை மா கொண்டுவந்த லொறி, குரல்கள் வரிசையில் நின்றவர்களுடையவை. ஹபீல் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. பிற்பகலில் ஊரடங்கைத் தளர்த்தினார்கள், நாங்கள் வேலியால் திரும்பிப் போனோம். வீடு விட்டபடியே இருந்தது. அப்பா அலுமாரியிலிருந்து இரண்டு பாஸ்போட்டுகளையும் எடுத்து என் முன்னால் மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். தட்டில் இருந்தது செத்துவிட்டது. ஹசலக்கையில் இருப்பது சாகவில்லை, யாரோ ஒருவருக்கு மாத்திரை குடித்தபின்னும் காய்ச்சல் திரும்பும், அப்போது யாராவது போய் இரத்தம் எடுக்கவேண்டும். சாடியைக் கொதிநீரில் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். பாஸ்போட்டுகள் இன்னும் மேசையில்தான் கிடக்கின்றன.