தண்ணீர் ஊற்றிய புட்டி

அன்புள்ள மூத்த மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். வெல்டிங் பட்டறையிலிருந்து வந்தாலே கண்ணில் நீர் கோத்துக்கொள்கிறது, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. என் கழுத்துக் கட்டிதான் கோலிக்குண்டு அளவுக்கு வந்துவிட்டது. நான் தின்பதையெல்லாம் அதுதான் தின்கிறது என்று பட்டறையில் ஒருவன் சொன்னான், பட்டினி போட்டுப் பார்ப்போம் என்று டீயில் சர்க்கரையை நிறுத்தினேன், மெலிந்தது நான்தான். டாக்டர் அதில் ஒரு துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வாங்கப் போன உன் தங்கை வெறுங்கையோடு வந்து, துண்டு கெட்டுவிட்டது, மறுபடி எடுக்க வேண்டும் என்கிறாள். அவர்கள் கெடுத்ததற்கு என் கழுத்துதானா கிடைத்தது? முடியாது என்றுவிட்டேன். நீயும் வற்புறுத்தாதே.

அக்கா, இது நான். அப்பா குளிக்கப் போயிருக்கிறார். கெடுத்தது அவர்கள் இல்லை. டாக்டர் அந்தத் துண்டை, கெடாமல் காக்கும் மருந்து ஊற்றிய புட்டியில் போட்டு, ஆய்வுக்கூடத்தில் சேர்க்கச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார். பஸ்ஸில் மூடி தளர்ந்து மருந்து முழுக்கப் பைக்குள் கசிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மாள், “என்னத்தடி தூக்கிட்டு வர்ற, பொணவாடை அடிக்குது” என்று மூக்கைப் பொத்தினாள். யாரிடமும் கேட்க வாய் வரவில்லை. அப்பாவின் சதை காய்ந்துபோகுமே என்று, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி மூடினேன். கொடுக்கும்போதும் சொல்லவில்லை. முடிவு வாங்கப் போன அன்றுதான் அங்கிருந்தவர் சொன்னார்: “பச்சைத் தண்ணியில சதையில இருக்கிற செல்லு தாங்காதும்மா. செல்லுக்குள்ள இருக்கிற உப்பு வெளித் தண்ணிய இழுத்துக்கும், உப்பி வெடிச்சிடும். எது ஒழுங்கா ரெண்டாப் பிரியுது, எது அடங்காமப் பிரிஞ்சுக்கிட்டே போகுதுன்னு வெடிச்சதுல என்னத்தப் பாக்குறது?” சர்க்கரையை நிறுத்தியதைச் சொன்னேன். “உடம்புல எல்லாச் செல்லும் அதுலதான் ஓடுது, நல்லதையும் சேத்துப் பட்டினி போடுறாரே உங்கப்பா. சீக்கிரம் கூட்டிட்டு வா, கட்டி நமக்காகக் காத்திருக்காது” என்றார். அவர் அப்படிச் சொல்லி ஒன்பது நாள் ஆகிவிட்டது. அப்பாவின் கழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளே ஒன்று இரண்டாகிறது, இரண்டு நாலாகிறது என்றே தோன்றுகிறது.

அக்கா, அப்பா வந்து, எழுதியதை வாசி என்றார். இந்தப் பக்கத்தை விட்டுவிட்டு வாசிக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை, எல்லாவற்றையும் வாசித்துவிட்டேன். ஈரத் தலையைத் துவட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு எழுது என்றார்.

மகளே, வற்புறுத்தாதே என்று மேலே சொன்னதை அடித்துவிடச் சொன்னேன், அடிக்கமாட்டேன் என்கிறாள். நாளைக் காலையே டாக்டரிடம் போகிறோம். பயமாகத்தான் இருக்கிறது, உன்னிடம் சொல்வதற்கென்ன. புட்டியை இவளே கொண்டுபோகட்டும், மூடியை நான் இறுக்கித் தருகிறேன். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. கடிதம் கண்டதும் போன் பண்ணு, முதலில் தங்கையிடம் பேசு, என்னிடம் அப்புறம் பேசலாம்.

இப்படிக்கு,
உன் அப்பா
(கையெழுத்து தங்கையுடையது)