கதையில் செத்துப் பிழைத்த கிளார்க்

5-6-64
நான் கணக்கு எழுதும் தோல் பட்டறையின் முதலாளி தளவாய் அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் சொல்லித்தர ஆரம்பித்தேன். ஃபோர்ட் ஏரியாவில் தோல் வாங்கும் கம்பெனிக்காரர்களிடம் இனி அவரே பேசுவாராம். இலக்கணம் என்றாலே கொட்டாவி. ஒரு நரிக் கதையில் வைத்துச் சொன்னேன். "நரிக்கும் எனக்கும் என்னவே சம்பந்தம்? மனுசன் கதையாச் சொல்லும்."

9-6-64
மனிதர் கதை தயார். நிகழ்காலம் - முதலாளி தோல் வாங்குகிறார். மகள் டீ கொண்டுவருகிறாள். கிளார்க் டீயை விட்டுவிட்டு மகளைப் பார்க்கிறான்.
மூன்றையும் இங்கிலீஷில் சரியாகச் சொல்லிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் மகள் பூமாரி வைத்துவிட்டுப் போன டீ என் முன்னால் ஆறிக் கிடந்தது.

10-6-64
இறந்தகாலம். அடுத்த வரியை அவரையே சொல்லச் சொன்னேன். கிளார்க் சுண்ணாம்புத் தொட்டியில் விழுந்து செத்தானாம். ஒரு பிழை இல்லை. பாவி மனுசன்.

12-6-64
எதிர்காலம் படிக்க வேண்டுமே என்று செத்த கிளார்க்கை எழுப்பினேன். கிளார்க் மகளைக் கல்யாணம் செய்துகொள்வான் என்று ஒரு வரி. "செத்தவன் எப்படிவே கட்டுவான்?" என்று சொல்லி அவனை லோக்கல் ரயில் முன்னால் தள்ளினார். பிறகு தமிழில், "உல்லாஸ்நகர்ல இருந்து எங்க அக்கா மவன் பூமாரியக் கேட்டு மாசக் கடைசில வாரான்."
விளையாட்டாக ஆரம்பித்தது. இப்போ சோறு எறங்க மாட்டேங்கு.

13-6-64
குழாயடியில் பூமாரி. "கதைய நானும் கேட்டுட்டுதான் இருக்கேன். அதுல வார மகளுக்கு வாயே கிடையாதா?" குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

16-6-64
அண்ணாச்சி கிளார்க்கை மாஹிம் உப்பங்கழியில் அமுக்கிக்கொண்டிருந்தார். பூமாரி டீயை வைத்துவிட்டு நிதானமாக, "தி டாட்டர் டஸ் நாட் லைக் உல்லாஸ்நகர். ஷி லைக்ஸ் தி கிளார்க்" என்றாள்.
"இவ யாருட்டவே படிச்சா?"
நான் கணக்கு நோட்டைத் திறந்தேன்.

17-6-64
வகுப்பு இல்லை.

22-6-64
இன்றும் இல்லை. வேலையும் போகுமோ? போனால் போகட்டும் - அவள்?

27-6-64
அண்ணாச்சியே கூப்பிட்டார். கதையை எங்கே விட்டோம் என்றார். கிளார்க் கழியில் கிடக்கிறான் என்றேன்.
"தூக்கிக் கரைல போடும்." "உல்லாஸ்நகருக்கு வர வேண்டாம்னு எழுதிப் போட்டாச்சு." "ஏன்வே, அவனுக்குப் பெரியவுகன்னு யாரும் கிடையாதா? பொண்ணு கேக்க அவனேவா வருவான்?"
மான்குர்த்தில் ஒரு சித்தப்பா இருக்கிறார் என்றேன்.
"இங்கிலீஷ்ல சொல்லும்."