சந்தனப் பொட்டு வைத்த டச் போன்

கடலூர்
9.9.2012

அன்பு மகன் அறிவழகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. பூனாவுக்குப் போன ஐந்து வருஷமாக நல்லா இருக்கேம்மா என்று ஒரே பதிலைத்தான் சொல்கிறாய், அதை நம்பி நம்பித்தான் இப்போது ஆடிப்போய் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்பது நாளாக நீ கூப்பிட்டும் நான் எடுக்காதது உனக்குக் குழப்பமாக இருந்திருக்கும். போனில் என்றால் குறுக்கே புகுந்து சமாளிப்பாய், கடிதத்தில் அது முடியாது.

நீ வைத்திருந்து எங்களுக்குக் கைமாற்றிய டச் போனை உன் காலேஜ் ஹாஸ்டல் சிநேகிதன் சார்லஸ் கொண்டுவந்து கொடுத்தான். இதுவரை நம் வீட்டுக்கு வந்த போன்களில் எதற்கு முதல் இடம், எதற்குக் கடைசி இடம் என்று அம்மாவைக் கேட்டுவா என்றாயாமே. வரிசை சொல்கிறேன், கேட்டுக்கொள். கடைசி இடம் அந்தச் சீனா செட்டுக்கு. திருவந்திபுரத்தில் சுவாமிக்குத் தீபாராதனை ஆகும்போது குத்துப்பாட்டுப் போட்டு அலறியதே, அப்பா அதை வேட்டி மடிப்புக்குள் அமுக்கிக்கொண்டு வெளியே ஓடியதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். அதற்கு மேலே எப்.எம். போன். அது அப்பாவோடு நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்கு வேலைக்குப் போய்வந்து, அவர் ரிட்டையரான பிறகும் அவர் காதை விடவில்லை. முதல் இடம் எப்போதும் டார்ச் வைத்த பட்டன் போனுக்குத்தான். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை நீ பிச்சாவரம் போவதாகச் சொல்லியிருந்தாய். ஊரே கடல் உள்ளே வந்துவிட்டது என்று ஓடுகிறது, யாருக்கும் லைன் கிடைக்கவில்லை. மத்தியானம் ஹாஸ்டல் சார்லஸ் நம்பரிலிருந்து ஒரே ஒரு மிஸ்டு கால். ஒன்று வந்தால் நலம் என்பது நம் வீட்டு வழக்கமாயிற்றே, அந்தப் போனைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதேன்.

இப்போது டச் போனுக்கு வருகிறேன். வீட்டுக்கு எது வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் தொடமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை சாமி படத்துக்கு முன்னால் வைத்து நாலு மூலையிலும் பொட்டு வைத்தேன். அது கண்ணாடி முழுக்க ஈஷிக்கொண்டது. ஈர விரலால் துடைத்தேன், படம் ஒன்று திறந்துகொண்டது. மறுபடி துடைத்தேன், இன்னொன்று. வடக்கத்திக்காரர்கள் தாலியாகப் போடும் கருகமணி கழுத்தில் போட்ட ஒரு பெண், அவள் மடியில் ஒரு குழந்தை, பக்கத்தில் நீ, தோளில் குழந்தைக்கு வாய் துடைக்கும் பால்துணி. அடுத்த படத்தில் குழந்தை மட்டும், உன் அப்பாவின் அதே விடைத்த காது. யாரோ ஒருத்தர் குழந்தை என்று சொல்லிக்கொள்ளக்கூட அந்தக் காது விடவில்லை. பொங்கலுக்கு வந்தவன் இரண்டே நாளில் ஓடினாயே, அது இதற்குத்தானா? சிதம்பரத்துப் பெண் வெண்மதியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்றாயே, கூச்சம் என்று நினைத்து நிச்சயத்துக்கே நாள் குறித்தோமே. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல அத்தனை பயமா உனக்கு? படங்களை அழிக்க மறந்துவிட்டாயா, நான் பார்க்கட்டும் என்று வேண்டுமென்றே விட்டாயா என்றுகூட எனக்குப் புரியவில்லை.

அப்பாவிடம் மறைக்கவில்லை, காட்டிவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் அவர் தனியாகப் பஸ் ஏறிச் சிதம்பரம் போய், வெண்மதியின் அப்பா சபாபதியிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அவர் யாரிடமும் அப்படி நின்றதில்லை, அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. வெண்மதிக்கு நீ செய்தது தப்பு, அதை நீயே நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அன்று சாயங்காலம் அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இதுல படத்த எப்பிடிப் பெருசாக்கிப் பாக்குறது" என்று கேட்டார். அவ்வளவுதான். நாங்கள் இரண்டு பேருமாகத் தேய்த்துத் தேய்த்துக் கண்டுபிடித்தோம்.

படத்தில் இருக்கும் அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது என்று நினைக்கிறேன், பரவாயில்லை. குழந்தைக்கு ஆறு மாசம் இருக்குமா? கழுத்து நின்றுவிட்டதா? வெயிலில் தலைக்குத் துணி இல்லாமல் வெளியே தூக்கிப் போகாதே. ஒரு படத்திலும் திருஷ்டிப் பொட்டைக் காணோம், அதனால் கண்ணாடி மேலேயே குழந்தையின் கன்னம் தெரியும் இடத்தில் மை வைத்துவிட்டேன். போனில் வெளிச்சம் அணைந்தால் அப்பா மறுபடி போடுகிறார், பொட்டைத் துடைக்கவிடவில்லை.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்கத் திருவந்திபுரம் தேவநாதசாமியை வேண்டுகிறேன். குழந்தையின் பேரை எழுத மறக்காதே, அப்பா மாடிப்படியில் ஏறும்போதெல்லாம் தனக்குள் ஏதோ ஒரு பேர் சொல்லிப் பார்க்கிறார். டச் போனுக்கு எந்த இடம் என்று இப்போது சொல்லமாட்டேன். மூன்று பேரும் கடலூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதற்கு ஒரு மிஸ்டு கால் கொடு.

உன் மேல் கோபம் தீராத
அம்மா,
தில்லையம்மாள்