முன்பல் இல்லாத பூசணிக்காய்

அன்புள்ள லோரெட்டா,

உன் முதுகுவலி தேவலையா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். எண்ணெய்க் கிணற்று வேலையும் பழகிவிட்டது.

நேற்று ஹாலோவீன் பண்டிகைக்காகப் பூசணிக்காயில் பேய் முகம் செதுக்கினேன். அறையில் கூட இருக்கும் டுவேன் பார்த்துவிட்டு, "என்னய்யா, உன் பேய்க்கு முன்பல்லக் காணோம்? எவன்கிட்ட குத்து வாங்குச்சு?" என்று சிரித்தான். கத்தி வழுக்கிவிட்டது என்று நானும் சிரித்தேன்.

நம் பையன் வெஸ்லிக்கு விழுந்த பல்லைப் பூசணியிலும் விட்டுவிட்டுத்தானே வருஷாவருஷம் செதுக்குவேன்? மார்ச்சில் அவனை அடக்கம் செய்தது என் கைக்கு இன்னும் தெரியவில்லை.

கம்பளிக் காலுறை அனுப்பு. வேன்காரன் ஹாரன் அடிக்கிறான், ஒன்றே ஒன்று: ஹாலோவீன் ராத்திரி வாசல் விளக்கை அணைத்துவிடாதே, அணைத்தால் பிள்ளைகள் மிட்டாய் கேட்டு வரமாட்டார்கள். பல் விழுந்த பிள்ளை யாராவது வந்தால் சிரிக்க வைத்துப் பார், எனக்காகவும்.

உன்
கர்டிஸ்